டாக்டரம்மா வண்டிக்கு வந்த திணறல்

போன வெள்ளிக்கிழமை ரங்கூன் மொகல் தெரு முனையில் ஒரு டாக்சி இருமிக்கொண்டு நின்றது. இஞ்சின் அணையவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது என்ன ஓட்டம்! இரண்டு மூச்சு ஒழுங்காக விடும், மூன்றாவதை விழுங்கிவிடும், உடனே வண்டி முழுக்க ஒரு தடவை குலுங்கும். மருந்துக்கடைக்குப் போகிறவன் மருந்துக்கடைக்குப் போகவேண்டியதுதானே? எனக்கென்ன வந்தது? ஆனால் கால் கேட்டால்தானே! நின்றுவிட்டேன்.

டிரைவர் சின்னப் பையன். வீட்டில் முருகேசன், லைசென்சில் மாங் சோ. இப்போதெல்லாம் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான். நான் தமிழில் கேட்டால் புரிந்துகொள்கிறான், பதில் மட்டும் பர்மியத்தில் வருகிறது. என்னை 'ஊலே' என்கிறான். மாமா, சித்தப்பா என்று எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

"தம்பி, பெட்ரோல் மூடியைத் திற," என்றேன்.

காலையில்தான் பெட்ரோல் போட்டதாக அவன் பாஷையில் சொன்னான்.

"பெட்ரோல் இருக்கான்னு யாருப்பா கேட்டா? மூடியைத் திறன்னுதானே சொன்னேன்."

கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் வயசுக்கு மரியாதை கொடுக்கிற பிள்ளை, பின்பக்கம் போனான். அவன் போனதும் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால், தெருவில் போகிறவன் எதற்காக அடுத்தவன் வண்டியின் பெட்ரோல் மூடியில் போய் நிற்கவேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் முருகேசன் மாதிரியேதான் என்னைப் பார்ப்பீர்கள்.

எனக்குப் பெட்ரோல் வாசனை வந்தால் கூடவே சந்தன வாசனையும் வந்துவிடும். சந்தனம் மட்டும்கூட இல்லை, சந்தனமும் தனக்காவும் கலந்த வாசனை. தனக்கா தெரியுமல்லவா, பர்மாக்காரப் பெண்கள் கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வார்களே, அந்தக் கட்டை. என் சம்சாரம் கனகு இரண்டையும் ஒரே கல்லில் இழைப்பாள். சந்தனம் மட்டும் வைத்தால் வெயிலில் உதிர்ந்துவிடுமாம், தனக்கா சேர்த்தால் பிடித்துக்கொள்ளுமாம். பக்கத்து வீட்டு பர்மாக்காரி சொல்லிக்கொடுத்த யுக்தி. ஐயோ, பிடித்துக்கொண்டதே! அது பிடித்துக்கொண்ட பிடியில்தான் எங்கள் பிழைப்பே போக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. சரியான வருஷத்தைக் கேட்காதீர்கள், எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் என்பது மட்டும் நிச்சயம். அப்போது ரங்கூனில் மோட்டார் வண்டி ஓட்டுகிறவன் என்றால் ஒரு கெத்து. டிராம் ஓட்டுகிறவன்கூட எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பான். என் அப்பா துறைமுகத்தில் கொக்கி போட்டு மூட்டை தூக்கியவர். அந்தக் கொக்கியைக் கையில் எடுக்காமலே தப்பித்தவன் நான். காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ரப்பர் பந்து வைத்த ஊதலைப் 'பாம் பாம்' என்று அழுத்திக்கொண்டு துறைமுகத்து வாசல் வழியாகப் போவேன். அந்தப் பக்கம் எனக்கு வேலையே இருக்காது. இருந்தாலும் போவேன். அப்பா பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

நான் ஓட்டியது டாக்டர் ரூத்தம்மாவின் வண்டி. ரூத்தம்மா தமிழ்க் கிறிஸ்தவர், மிஷன் பள்ளியில் படித்து டாக்டரானவர். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில்தான் பிறந்தன என்று பேச்சு. உயரமான பெண்மணி. வெள்ளைப் புடவை கட்டி, தோளில் ஒரு வெள்ளி புரோச் குத்தியிருப்பார். அதட்டவே மாட்டார். அதட்டாமல் இருப்பவர்களிடம்தான் பயம் ஜாஸ்தி, உங்களுக்கும் அனுபவம் இருக்கும். அவர் பங்களாவுக்குப் பின்னால் வண்டிக் கொட்டகை, கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அந்த அறைதான் எனக்கும் கனகுவுக்கும் வீடு. கனகுவுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. வேலை போனால் அறையும் போகும். போனால் அப்பாவின் கூலி லைனுக்குத்தான் போகவேண்டும். அங்கே ஓர் அறையில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வண்டி அமெரிக்க வண்டி. முன்னால் கிராங்க் போட்டுச் சுற்றிக் கிளப்பவேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே மீசை மாதிரி இரண்டு கம்பி, ஒன்று நெருப்புக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. பெட்ரோல் டாங்கி எங்கே தெரியுமா? டிரைவர் உட்காரும் சீட்டுக்கு அடியில்! சீட் மெத்தையைத் தூக்கினால் டாங்கி, அதன்மேல் பித்தளை மூடி. அளவு காட்டும் முள் எல்லாம் கிடையாது. மூடியைத் திறந்து ஒரு மரக்குச்சியை விட்டு, எவ்வளவு நனைகிறது என்று பார்க்கவேண்டும். டாக்டரம்மா உட்காருவது பின் சீட்டில். மெத்தைக்கு அடியில் இருப்பது அவர் கண்ணில் படவே படாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. ரங்கூனில் அப்போது ஆயுத பூசை என்றால், அடேயப்பா! ரிக்ஷா சக்கரத்துக்குப் பொட்டு, தையல் மெஷினுக்குப் பொட்டு, கூலிக்காரர்கள் மூட்டைக் கொக்கிக்குப் பொட்டு. வாடகை கார்களெல்லாம் வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். டாக்டரம்மா வண்டிக்கு மட்டும் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"நான் சீனன் வீட்டுக்கும் போறேன், பர்மாக்காரன் வீட்டுக்கும் போறேன், முசல்மான் வீட்டுக்கும் போறேன். வண்டி வண்டியா இருக்கட்டும்ப்பா. சிலுவையும் வேணாம், பொட்டும் வேணாம்."

நியாயம்தான். அவர் தன் சாமிக்கும் சேர்த்துத்தானே சொல்கிறார்! நானும் அதுவரைக்கும் கொட்டகை வாசலில் ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். ஆனால் கனகு வந்த பிறகு அது நடக்குமா?

"ஏங்க, ஊர்ல இருக்கற அம்மிக்கும் அருவாளுக்கும் பொட்டு வைக்கிறாங்க. நீங்க உக்காந்து போற வண்டிக்கு வைக்கக் கூடாதா? எனக்கு மனசு ஆறுமா சொல்லுங்க."

"அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க கனகு."

"அவங்க கண்ணுல படாத எடமா ஒண்ணு காட்டுங்க."

காட்டினேன். வேறென்ன செய்வது? புதுப் பெண்டாட்டி, பிள்ளைத்தாச்சி. மெத்தையைத் தூக்கினேன். பித்தளை மூடி பளபளவென்று இருந்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயில் கலசம் மாதிரி இருக்கிறதாம். சந்தனத்தையும் தனக்காவையும் கெட்டியாக இழைத்து எடுத்துவந்து, மூடியின் நட்டநடுவில் பெரிய பொட்டாக வைத்து, அதற்குமேல் குங்குமம் வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

அதற்கு மூன்று நாலு நாள் கழித்து வண்டிக்குத் திணறல் வந்தது.

காலையில் கிளம்பும்போது ஒன்றும் இருக்காது. ஒரே சுற்று, இஞ்சின் பிடித்துவிடும். நாலைந்து மைல் போனதும் மெல்ல ஒரு சோம்பல் வரும். பகோடா மேட்டில் ஏறவே ஏறாது. பக்கத்தில் குதிரை வண்டிக்காரன் என்னைத் தாண்டிப் போவான், போகும்போது சிரித்துவிட்டு வேறு போவான். எங்கேயாவது நிறுத்தி மெதுவாக ஓடவிட்டால் இஞ்சின் மிஸ் அடிக்கும், குலுங்கும், ஒருதரம் பெரிதாக இருமிவிட்டு அணைந்துபோகும்.

முதல் தடவை நின்றபோது நான் செய்ததைச் சொல்கிறேன். மெத்தையைத் தூக்கி மூடியைத் திறந்து குச்சியை விட்டேன். பெட்ரோல் இருந்தது. மூடியைப் போட்டேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கிராங்க் போட்டால் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது! பூ மாதிரி ஓடியது. பிளக்கில்தான் கோளாறு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி நின்றது.

காசிம் பாயிடம் கொண்டுபோனேன். டல்ஹவுசி தெருவில் அவருக்கு ஒரு பட்டறை. கீழக்கரைக்காரர், பெரிய மனசு, அதைவிடப் பெரிய தொந்தி. வண்டிக்குக் கீழே போகமுடியாது என்பதால் எந்தக் கோளாறும் மேலேதான் இருக்கும் என்பார்.

"பெட்ரோல் பாத்தியா தம்பி?" இதுதான் எப்போதும் அவருடைய முதல் கேள்வி.

மெத்தையைத் தூக்கினேன். பாய் பொட்டைப் பார்த்தார். உடனே கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். தோளில் கிடந்த சுத்தமான துண்டை மடித்து விரித்து, "மூடியை இதுல வை. சாமி சமாச்சாரம், தரையில வைக்காதே. பொட்டு கலைஞ்சுடப் போவுது," என்றார். குச்சியை விட்டுப் பார்த்தோம், பெட்ரோல் இருந்தது. மூடியை ஓரத்தில் மட்டும் பிடித்துப் பதவிசாகத் திருகினார். பிறகு கார்ப்ரேட்டரைக் கழற்றி ஊதினார். வண்டி கிளம்பியது. பிரமாதமாக ஓடியது.

"சொன்னேன்ல? கார்ப்ரேட்டர்ல தூசி," என்றார்.

அடுத்த நாளும் நின்றது. பாய் காயிலைத் துடைத்தார். ஓடியது. நின்றது. ஒயரை மாற்றினார். ஓடியது. நின்றது. எதைச் செய்தாலும் குணமாகிறது, எந்தக் குணமும் நிலைக்கவில்லை! இப்படி ஒரு வியாதியை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? எதுவுமே பலிக்காவிட்டால் அது வேறு கதை, கையை விரித்துவிடலாம். எல்லாமே பலித்தால் மனுஷன் என்ன செய்வான்? எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. வண்டிக்கு உயிர் இருக்கிறது, அது என்னைப் பார்த்து நடிக்கிறது என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

நடுவில் கோ பா டின் வந்து சேர்ந்தான். டாலாவுக்குப் படகு போகும் துறையில் வாடகை கார் ஓட்டுகிற பர்மாக்காரன், என் சிநேகிதன். தமிழும் பர்மியமும் பிசைந்து பேசுவான். என்னை 'அக்கோ' என்பான், அண்ணன் என்று அர்த்தம்.

"அக்கோ, இது மழைத்தண்ணி. பெட்ரோல்ல தண்ணி பூந்துடுச்சி. நா சொல்றே, கேளு."

அதுவும் வாஸ்தவமாகத்தான் பட்டது. அந்த வருஷ மழை இலேசுப்பட்ட மழை இல்லை. மழைத்தண்ணீர் இறங்கக்கூடாது என்றுதான் நானே மூடிக்கு அடியில் புதுத் தோல் வளையம் ஒன்று வெட்டிப் போட்டிருந்தேன், காற்றுக்கூடப் புகாத அளவுக்கு இறுக்கமாக. கோ பா டின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் பொட்டைப் பார்த்து இரண்டு கையையும் குவித்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு டாங்கியைக் காலி செய்து, தன் பழைய கம்பளித் தொப்பியில் பெட்ரோலை வடிகட்டி மறுபடி ஊற்றினான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டி மட்டும் அருமையாக ஓடியது. "பாத்தியா?" என்றான். என்னத்தைப் பார்ப்பது?

டாங்கி நிறைய பெட்ரோல் இருக்கும் நாட்களில் சீக்கிரமே நிற்கும். கொஞ்சமாக இருந்தால் வெகுதூரம் போகும். இதை நான் கவனித்தேன். கவனித்து என்ன பிரயோஜனம்? அர்த்தம் விளங்கவில்லையே. வயிறு நிறையச் சாப்பிட்டால் வேலை ஓடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் கனகு என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "இன்னிக்கும் நின்னுச்சா?" என்று கேட்பாள். சொன்னதும் அவளுக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை வந்தால் குளித்துவிட்டு, கல்லை எடுத்து வைத்துக்கொண்டு இழைக்க ஆரம்பிப்பாள். பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு. போன வாரத்தைவிடப் பெரிதாக, கெட்டியாக. வண்டிக்குத் திருஷ்டி பட்டிருக்கிறதாம். ஒவ்வொரு வெள்ளிக்குப் பிறகும் திணறல் கூடியது. கூடக்கூட அவள் பொட்டும் கூடியது. நானும் பக்கத்தில் நின்று மெத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கும்பிட்டேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் டாக்டரம்மாவை ஒரு சீனத் தச்சன் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. பிளக்கைத் துடைத்துக் கிளப்பிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். தாயும் பிள்ளையும் சுகம்தான். ஆனால் திரும்பி வரும்போது டாக்டரம்மா பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பங்களாவில் இறங்கியதும் நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா? இன்னொரு தடவை வழியில நின்னா இந்த வண்டி எனக்கு வேணாம்ப்பா. குதிரை வண்டியே போதும். உனக்கு வேற எடம் பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் கொட்டகைக்குப் போய் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். கனகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை, இன்சீனிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். ரயில் பட்டறையில் ஃபிட்டர். பெயர் சின்னசாமி. சம்சாரத்துக்கு நேற்றிலிருந்தே வலி, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது என்று அங்கே மருத்துவம் பார்க்கிறவள் கைவிட்டுவிட்டாளாம். அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். சின்னசாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதெங்கே, சீட்டு நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார். முதல் நாள்தான் வெள்ளிக்கிழமை. மெத்தைக்கு அடியில் கனகுவின் புதுப் பொட்டு. டாங்கி நிறைய பெட்ரோல், வழியில் தீர்ந்துவிடக் கூடாதே என்று நானே விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தேன்.

ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே சோம்பல் ஆரம்பித்துவிட்டது. கம்பி இரண்டையும் மாற்றி மாற்றி இழுத்தேன். 'அம்மா தாயே, இன்னிக்கு மட்டும்' என்று வாய்விட்டே சொன்னேன். இன்சீன் ரோட்டில் இரண்டு பக்கமும் வயலும் மூங்கிலுமாக இருக்கும் ஓரிடத்தில் வண்டி குலுங்கி, இருமி, நின்றே போயிற்று.

சின்னசாமி என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், குதித்து இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டார். இன்னும் எத்தனை மைல் இருக்கிறது! அந்த மனுஷன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இன்றைக்கும் அந்த முதுகு என் கண்ணில் இருக்கிறது.

வேறு எதுவும் தோன்றாமல், பழக்க தோஷத்தில் மெத்தையைத் தூக்கினேன். மூடியைத் திருகினேன். அது 'ஸ்ஸ்ஸ்' என்றது. எப்போதும் அப்படித்தான் சொல்லும். ஆவி வெளியே வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், காசிம் பாயும் அப்படித்தான் சொன்னார்.

"என்ன சத்தம் அது?"

டாக்டரம்மா இறங்கி வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பொட்டைப் பார்த்துவிட்டார். குங்குமம், சந்தனம், அப்பம் மாதிரி மொத்தமாக, மூடி முழுக்க. என் உயிர் என்னிடம் இல்லை.

"அம்மா... அது வந்து..."

"பொட்டு கிடக்கட்டும். சத்தம் என்னன்னு கேட்டேன்."

"ஆவிம்மா. வெளிய வருது."

"வெளிய வரலப்பா. உள்ள போவுது. மூடியை மறுபடி போடு. போட்டுட்டு மெல்லத் திற."

கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த சத்தம் மறுபடி கேட்டது. அவர் தன் விரலை விளிம்பில் வைத்துப் பார்த்தார். மூடியைக் கையில் வாங்கிக் கவிழ்த்தார். உட்பக்கம் நடுவில் கடுகு அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதன் வழியாகச் சந்தனம் எட்டிப் பார்த்தது.

"பால் புட்டி பாத்திருக்கியா? பின்பக்கம் காத்துக்கு ஒரு வழி இருக்கும். அது அடைச்சுட்டா பிள்ளை எவ்வளவு உறிஞ்சினாலும் பால் வராது. அழும், மூஞ்சி செவந்துபோகும். நாம புட்டியை எடுத்துப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா மறுபடி குடிக்கும். உன் வண்டி அதைத்தான் பண்ணிட்டு இருக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே விளங்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாக விளங்கியது. பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று நாங்கள் மூடியைத் திறந்தோமே, அதுதான் வைத்தியம். மற்றதெல்லாம் வேடிக்கை! டாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் சீக்கிரமே மூச்சு முட்டியது.

நான் அவசரமாகத் துணியை எடுத்துப் பொட்டைத் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் வச்சது? உன் வீட்டுக்காரியா?"

தலையை ஆட்டினேன்.

"அழிக்காதே. வயித்துப் பிள்ளையோட வேண்டிக்கிட்டு வச்சிருக்கா."

தோளிலிருந்து அந்த வெள்ளி புரோச்சைக் கழற்றினார். சரிந்த புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதன் ஊசியைப் பொட்டின் நடுவில் குத்தி, உள்ளே வரைக்கும் இறக்கித் திருகி எடுத்தார். குங்குமம் கொஞ்சம் ஊசியில் ஒட்டிக்கொண்டது. பொட்டு அப்படியே இருந்தது, நடுவில் ஒரு துளை. "போட்டுட்டு ஓட்டு," என்றார்.

கிராங்க் போட்டேன். பிடித்தது. அந்த இஞ்சின் ஓடிய அழகை என்ன சொல்வேன்! சின்னசாமியை ஒரு பாலத்தருகே பிடித்தோம். அவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். "ஏறுங்க அண்ணே" என்று நான் கத்த, "வேணாம், நின்னுடும், நின்னுடும்" என்று அவர் கத்த, கடைசியில் டாக்டரம்மா கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். வண்டி நிற்கவே இல்லை. போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. சின்னசாமி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து கனகுவிடம் சொல்வதற்குத்தான் தயக்கமாக இருந்தது. சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலயா? நானா அடைச்சேன்?"

அழுகையென்றால் அப்படியோர் அழுகை. என்னால் தேற்ற முடியவில்லை. டாக்டரம்மாவே கொட்டகைக்கு வந்து, வாசலில் நின்றுகொண்டு, "கனகு, வெள்ளிக்கிழமை பொட்டு வை. நடுவுல மூச்சுக்கு வழி விட்டு வை," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, "முன்னாடி எங்கயும் வைக்காதே, சொல்லிட்டேன்," என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு கனகு ஒரு யுக்தி கண்டுபிடித்தாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கழுவி, மூடித் துளையில் செருகிவிடுவாள். அதைச் சுற்றிச் சந்தனத்தை வளையமாக வைப்பாள். காய்ந்ததும் ஈர்க்கை மெல்ல உருவி எடுத்து, துளையில் வாயை வைத்து ஒருதரம் ஊதிப் பார்ப்பாள். உதட்டில் குங்குமம் ஒட்டியிருக்கும். அந்தக் கோலத்தோடேயே, "இப்ப போங்க," என்பாள். பெட்ரோலும் சந்தனமும் தனக்காவும் சேர்ந்த அந்த வாசனையைத்தான் உங்களிடம் சொன்னேன். காசிம் பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது, "யா அல்லா, என் துண்டு மேலேயே வச்சிருந்தேனேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்ச நாள் எந்த வண்டி வந்தாலும் முதலில் மூடியைத்தான் பார்த்தார்.

எங்களுக்குப் பெண் பிறந்தது. டாக்டரம்மா கையில்தான்.

அப்புறம் என்ன, வருஷங்கள் போயின. ஜப்பான்காரன் யுத்தம் வந்தபோது டாக்டரம்மா கப்பலேறிப் போனார், பிறகு ஒரு தகவலும் இல்லை. வண்டியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. காசிம் பாயின் பட்டறை இருந்த இடத்தில் குண்டு விழுந்தது. ஊரே இந்தியாவைப் பார்த்து வடக்கே நடந்தது. நானும் கனகுவும் பெண்ணும் நடந்தோம். அந்தப் பாதையைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை, உங்களிடமும் பேசமாட்டேன். யுத்தம் முடிந்து ரங்கூனுக்குத் திரும்பி வந்தது நானும் பெண்ணும்தான்.

பெண்ணும் போன வருஷம் புருஷன் பிள்ளைகளோடு மதராசுக்குப் போய்விட்டாள். கூப்பிட்டாள். எனக்குத்தான் போக மனசில்லை. சர்க்கார் கடை கண்ணியெல்லாம் எடுத்துக்கொண்டு, நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக ஊருக்குப் போனபிறகு ஆயுத பூசையன்றைக்குத் தெருவில் வாழைக்கன்று கட்டிய வண்டி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

முருகேசன் டாக்சிக்கு வருவோம். பின்பக்கம் போனானே, அங்கே திறப்பதற்கு மூடியே இல்லை. எப்போதோ தொலைந்துவிட்டதாம், இப்போது கடையில் கிடைக்கிறதில்லையாம். பழைய லுங்கித் துணி ஒன்றைச் சுருட்டி அடைத்திருந்தான். "உருவு," என்றேன். உருவினான். நான் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஒரு சத்தமும் வரவில்லை. எப்படி வரும்? துணி வழியாகக் காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. அவன் வண்டிக்கு வேறு ஏதோ வியாதி.

அவன் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். வண்டி ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. நிஜமாகவே பிளக்தானோ என்னவோ.

"காதை வச்சு என்ன கேட்டீங்க ஊலே, அவ்வளவு நேரம்?" என்றான். இதை மட்டும் தமிழில் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா. நீ போ."

அவன் போனபிறகுதான் பார்த்தேன், குனியும்போது டாங்கி விளிம்பைப் பிடித்திருக்கிறேன், விரலெல்லாம் ஈரம். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். பெட்ரோல் வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தேன். வெறும் பெட்ரோல் வாசனைதான் வந்தது.